கீமோ முடிந்த பிள்ளைகளின் பல்: பெற்றோர் கேட்டவை

களியக்காவிளை, மார்த்தாண்டம், பாறசாலைப் பக்கத்திலிருந்து திருவனந்தபுரம் ஆர்.சி.சி. புற்றுநோய் மருத்துவமனைக்குப் போய்வரும் பெற்றோரின் கேள்விகள். பதில் சொல்பவர் குழந்தைகள் பல் மருத்துவர்.

டாக்டர், மோனுக்கு மூணு வயசில் ரத்தப் புற்றுநோய். இப்போ ஒன்பது. கடைவாய்ப் பால் பல் விழுந்த இடத்தில் புதுப் பல்லைக் காணோம். நான் பால், முட்டை சரியாகக் கொடுக்கலையோ?

இல்லம்மா. உங்கள் சமையலுக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை. அந்த இடத்துப் பல் பொதுவாகப் பத்து வயதுக்கு மேல்தான் வரும், அதனால் முதலில் எல்லாப் பற்களையும் தாடையையும் ஒரே படத்தில் காட்டும் ஓ.பி.ஜி. எக்ஸ்ரே ஒன்று எடுத்துப் பார்ப்போம். அந்தப் பல் ஈறுக்குள்ளே உருவாகத் தொடங்குவது இரண்டு, இரண்டரை வயதில். வேகமாகப் பெருகும் செல்களைத்தான் கீமோ மருந்து தாக்கும். பல் முளையின் செல்களும் அப்படிப்பட்டவைதான். அதனால் சில பல் உருவாகாமலே போகும், சில குட்டியாக வரும், சிலதில் எனாமலில் வெள்ளை, பழுப்புக் கோடுகள் இருக்கும். ஆறு வயதில் முளைக்கும் கடைவாய்ப் பல்லின் மேல்பாகம் மூணு வயதிலேயே ஏறக்குறைய முடிந்துவிடும். ஆனால் வேர் வளர ஒன்பது, பத்து வயதாகும். வெளியே நல்ல பல்லாகத் தெரிந்தாலும் எக்ஸ்ரேயில் வேர் குட்டையாக இருப்பது அதனால்தான்.

மகளுக்குத் தாடைப் பக்கம் ரேடியேஷன் கொடுத்தாங்க. வாய் வறண்டே கிடக்குது, பல்லெல்லாம் சொத்தை.

கதிர் பட்ட இடத்தில் பாதிப்பு கீமோவைவிடக் கடுமை. 30 கிரே (கதிரை அளக்கும் அலகு) அளவு போனால் பல் வளர்ச்சி நின்றே போகலாம். உமிழ்நீர்ச் சுரப்பியும் வற்றும். உமிழ்நீர் இல்லாத வாயில் சொத்தை வேகமாகப் பரவும். மூணு மாசத்துக்கு ஒருமுறை பல்லில் பூசும் ஃப்ளோரைடு வார்னிஷ் வையுங்கள். சர்க்கரை வரட்டி, பழம்பொரி மாதிரி இனிப்பெல்லாம் சாப்பாட்டோடு மட்டும், நடுவில் தண்ணீர்தான். இனிப்பு சிரப் மருந்து கொடுத்தால் உடனே வாயைக் கொப்பளிக்கச் சொல்லுங்கள்.

கம்பி போடலாமா சார்?

சிகிச்சை முடிந்து நோய் திரும்பாமல் இரண்டு வருடமாவது போகட்டும். குட்டை வேர் என்றால் மெதுவாக, லேசாகத்தான் இழுக்க வேண்டும்.

கீமோ நடக்கும்போதே பால் பல் ஆடுது. பிடுங்கிடலாமா?

கையை வைக்காதீர்கள். தானாக விழட்டும். ரத்தத்தை உறைய வைக்கும் பிளேட்லெட் குறைந்திருந்தால் ரத்தம் நிற்காது, வெள்ளை அணு குறைந்திருந்தால் கிருமியும் புகும். மென்மையான பிரஷ் போதும். எடுத்தே ஆகவேண்டுமென்றால் அன்றைய ரத்தப் பரிசோதனைச் சீட்டோடு புற்றுநோய் மருத்துவரைக் கேட்டுவிட்டு வாருங்கள்.

பல் டாக்டரிடம் என்ன கொண்டு போகணும்?

டிஸ்சார்ஜ் சம்மரி. எந்த வயதில், என்ன மருந்து, கதிர் எங்கே, எத்தனை கிரே என்பது அதில் இருக்கும். ஒரு நகல் எடுத்து எங்களிடமே கொடுத்துவிடுங்கள்.