‘ஹேவ் ஜாயின்ட்’ எங்கே தவறாகிறது?
ஓசூர் கம்பெனி இன்டர்வியூவில் ‘ஐ ஹேவ் ஜாயின்ட் இன் 2022’ என்றதைத் தவறு என்றார்கள், ஏன் என்று கேட்டிருந்தீர்கள். அவர்கள் சொன்னது சரிதான். ஆனால் நீங்கள் பயப்படும் அளவுக்குப் பெரிய விஷயம் இல்லை நண்பரே.

தமிழில் ‘2022-ல் சேர்ந்திருக்கிறேன்’ என்று தாராளமாகச் சொல்லலாம். ஆங்கிலத்தில் முடிந்துபோன காலத்தைக் குறிப்பிட்டுவிட்டால் அங்கே ‘ஹேவ்’ வராது. நேரடி இறந்தகாலம்தான்: ‘ஐ ஜாயின்ட் இன் 2022’. எஸ்டர்டே, லாஸ்ட் இயர், டூ இயர்ஸ் அகோ எல்லாவற்றுக்கும் இப்படியே.

அன்று தொடங்கி இன்றும் தொடர்வதற்கு ‘ஹேவ்’ வேண்டும். நம்ம கிருஷ்ணகிரி மாவட்டத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். தருமபுரியிலிருந்து பிரிந்தது 2004-ல், அது நடந்து முடிந்துவிட்டது: ‘கிருஷ்ணகிரி பிகேம் எ டிஸ்ட்ரிக்ட் இன் 2004’. இன்றும் மாவட்டமாக இருக்கிறது: ‘இட் ஹேஸ் பீன் எ டிஸ்ட்ரிக்ட் சின்ஸ் 2004’. ஆண்டு ஒன்றுதான், ‘இன்’ போய் ‘சின்ஸ்’ வந்ததும் வினையும் மாறுகிறது, பாருங்கள்.

அப்புறம், ‘ஐ ஆம் வொர்க்கிங் ஹியர் சின்ஸ் 2022’ என்றும் சொன்னதாக எழுதியிருக்கிறீர்கள். அதுவும் ‘ஐ ஹேவ் பீன் வொர்க்கிங் ஹியர் சின்ஸ் 2022’ என்று வர வேண்டும். எப்போது சேர்ந்தீர்கள், எவ்வளவு காலமாக வேலை செய்கிறீர்கள் என்ற கேள்வி அடுத்த இன்டர்வியூவிலும் வரலாம், வாய்விட்டுச் சொல்லிப் பழகுங்கள். காலங்களின் (டென்ஸ்) பெயர்களை மனப்பாடம் செய்வதை இப்போதைக்கு விட்டுவிடலாம்.