கொலராடோ மலைப்பாதையில் இரண்டு குதிரைகளை இழுத்துச் செல்ல அரை டன் பிக்கப் போதுமா?

இரண்டு குதிரைகள், முன்பக்கம் சேணம் வைக்கும் அறையுடன், டிரக்கின் பின்னால் ஹிட்ச் எனும் இணைப்பில் மாட்டி இழுக்கும் ஒரு பம்பர் புல் டிரெய்லர், நான்கு பேர் கொண்ட குடும்பம், டென்வரிலிருந்து மலையைத் தாண்டி மேற்கே வார இறுதிப் பயணங்கள். இவற்றுக்கு 11,000 பவுண்டு இழுவைத்திறன் என்று விளம்பரப்படுத்தப்படும் அரை டன் டிரக் (பிக்கப்களில் இலகுவான வகைக்கு வழங்கும் பெயர்) போதுமா என்று கேட்டிருக்கிறீர்கள். போதாது என்பதே என் பதில். நீங்கள் பார்த்த எண் பொய்யானது அன்று. ஆனால் அந்த எண்ணை வைத்து முடிவெடுக்கக் கூடாது என்பதைச் சற்று விரிவாகவே சொல்ல விரும்புகிறேன்.

நான் மெக்கானிக் அல்லன். டிரக் விற்பவனும் அல்லன். மகளுக்குக் குதிரைமேல் ஏற்பட்ட பிரியத்தால் இந்த உலகத்துக்குள் வந்து, இன்று ஐ-70 நெடுஞ்சாலையில் எங்கள் குதிரையையும் லாயத்தைச் சேர்ந்த வேறொரு குதிரையையும் ஏற்றிக்கொண்டு போய்வருபவன். பொறியியல் படித்தவர்கள் இதைவிட நுட்பமாகச் சொல்லக்கூடும். இருந்தாலும், உயிருள்ள சுமையை இழுப்பவர்களின் பார்வை வேறு என்பதால் எழுதுகிறேன்.

முதலில் கணக்கைப் பார்ப்போம். சராசரிக் குதிரை 1,100 பவுண்டு என்று கொண்டால் இரண்டும் 2,200. அலுமினிய டிரெய்லர் வெறுமையாக 3,400 பவுண்டு இருக்கலாம். இரும்பு என்றால் இன்னும் கூடும். சேணங்கள், வைக்கோல், தண்ணீர் எல்லாம் சேர்த்து 500. ஆக மொத்தம் 6,100 பவுண்டு. 11,000 பவுண்டு இழுக்கும் வண்டிக்கு இது எளிய சுமை என்றுதான் யாருக்கும் தோன்றும். ஆனால் பம்பர் புல் டிரெய்லர் தன் எடையில் 10 முதல் 15 விழுக்காட்டை டிரக்கின் பின்பக்க ஹிட்ச்சின் மீது அழுத்துகிறது. அதை 800 பவுண்டு என்று வைத்துக்கொள்ளுங்கள். எடையைப் பகிர்ந்தளிக்கும் ஹிட்ச் சுமார் 100 பவுண்டு. நீங்கள் நால்வரும் 600. டிரக்கின் பெட்டியில் கூடுதல் தீவனமும் தண்ணீரும் 250. ஒரு குதிரை நாளொன்றுக்கு 20 முதல் 40 லிட்டர் வரை குடிக்கும் என்பதால் தண்ணீரின் எடையைக் குறைத்து மதிப்பிட முடியாது. இவை எல்லாம் சேர்ந்தால் 1,750 பவுண்டு. இது டிரக் இழுக்கும் எடை அன்று. தன் முதுகில் சுமக்கும் எடை.

அந்தச் சுமைக்கான வரம்பு எங்கே இருக்கிறது என்று தெரியுமா? ஓட்டுநர் பக்கக் கதவைத் திறந்தால், கதவுச் சட்டத்தில் மஞ்சளும் வெள்ளையுமாக ஒரு சிறு ஸ்டிக்கர் ஒட்டப்பட்டிருக்கும். பயணிகளும் பொருள்களும் சேர்ந்து இத்தனை பவுண்டுக்கு மேல் போகவே கூடாது என்று அதில் அச்சிட்டிருப்பார்கள். நான் டிரக் வாங்கச் சென்ற இடத்தில் விற்பனையாளர் கண்ணாடிக் கூரையையும் தோல் இருக்கைகளையும் பற்றி ஆர்வமாகப் பேசிக்கொண்டிருந்தபோது, குனிந்து அந்த ஸ்டிக்கரைப் படித்தேன். 1,480 பவுண்டு. அவர் பெருமையோடு காட்டிய ஒவ்வொரு வசதியும் அந்த எண்ணிலிருந்து கழிக்கப்பட்டிருந்தது. அதே வகை டிரக்கில் வசதிகள் குறைந்த மாதிரி சில வரிசைகள் தள்ளி நின்றது. அதன் ஸ்டிக்கர் பல நூறு பவுண்டு கூடுதலாகக் காட்டியது. இழுவைத்திறன் எவ்வளவு என்று கேட்டால் உடனே சொல்லத் தெரிந்தவருக்கு, இந்த ஸ்டிக்கரைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லத் தோன்றவில்லை. குதிரைக்கு என்று சொல்லியே நான் உள்ளே நுழைந்திருந்தேன் என்பதால், இதை நினைத்தால் எனக்கு இன்றும் கோபம் வருகிறது.

இழுவைத்திறன் எப்படி அளக்கப்படுகிறது என்பதையும் சொல்லிவிடுகிறேன். எஸ்ஏஇ என்ற வாகனப் பொறியாளர் அமைப்பின் ஜே2807 தரநிலையின்படி, அரிசோனாவில் டேவிஸ் அணைக்கு அருகே தொடங்கும் 11.4 மைல் ஏற்றத்தில், கடும் வெயிலில், ஏசியை முழுவதும் ஓடவிட்டு, சாதாரண பிக்கப் மணிக்கு 40 மைலுக்குக் கீழே இறங்காமல் ஏறிக் காட்ட வேண்டும். கடினமான சோதனைதான். ஆனால் அந்த ஏற்றம் முடியும் இடம் டென்வரின் 5,280 அடி உயரத்தைக்கூட எட்டுவதில்லை. தவிரவும், வண்டிக்குள் 150 பவுண்டு எடையுள்ள இருவர் மட்டுமே இருப்பதாகக் கொண்டு அந்த எண் தரப்படுகிறது. உங்கள் குடும்பமும் உங்கள் மலையும் அந்தக் கணக்கில் இல்லை.

நீங்கள் கடக்கப்போகும் ஐசன்ஹவர் சுரங்கப்பாதை 11,000 அடிக்கு மேலே இருக்கிறது. டர்போ (காற்றை அழுத்தி இன்ஜினுக்குள் செலுத்தும் கருவி) இல்லாத பெட்ரோல் இன்ஜின் ஒவ்வோர் ஆயிரம் அடிக்கும் ஏறத்தாழ 3 விழுக்காடு சக்தியை இழக்கும். அதாவது, சுரங்கத்தின் வாயிலை அடையும்போது மூன்றில் ஒரு பங்கு போயிருக்கும். டர்போ உள்ள இன்ஜின், பெட்ரோலானாலும் டீசலானாலும், இந்த இழப்பைப் பெருமளவு ஈடுகட்டிவிடும். எனினும் பலர் இந்த ஒன்றை மட்டுமே பேசுவதை நான் ஏற்பதில்லை. ஏற்றத்தில் சக்தி குறைந்தால் வலது தடத்தில் லாரிகளுக்குப் பின்னால் மெதுவாக ஏறலாம். பத்து நிமிடம் தாமதமாகும், அவ்வளவுதான். கவலைப்பட வேண்டியது இறக்கத்தைப் பற்றி.

சுரங்கத்தின் மேற்கு வாயிலிலிருந்து சில்வர்தோர்ன் வரை சுமார் 8 மைலுக்குச் சாலை விடாமல் இறங்குகிறது. சரிவு 7 விழுக்காடு வரை போகிறது. பிரேக் பிடிக்காமல் போன லாரிகள் ஏறி நிற்பதற்கென்றே சரளைக்கல் நிரப்பிய தப்பிப்புத் தடங்களை அங்கே அமைத்திருக்கிறார்கள். இந்தச் சாலையில் எப்படி இறங்குவது என்பதை எங்கள் லாயத்தின் உரிமையாளரான அம்மையார்தான் எனக்குக் கற்றுக்கொடுத்தார். மாடும் குதிரையுமாக வாழ்ந்த குடும்பத்தில் பிறந்தவர். அவர் அருகில் அமர்ந்து போன ஒரு நாளில், சுரங்கத்தை விட்டு வெளியே வருவதற்கு முன்பே வேகத்தை 45-க்குக் குறைத்து, சுமை இழுப்பதற்கேற்பக் கியரை மாற்றும் டோ ஹால் பொத்தானையும் எக்ஸாஸ்ட் பிரேக்கையும் போட்டுவிட்டார். இன்ஜினிலிருந்து வெளியேறும் வாயுவைத் தடுத்து நிறுத்தி, இன்ஜினைக் கொண்டே வண்டியைப் பிடித்துவைக்கும் ஏற்பாடுதான் எக்ஸாஸ்ட் பிரேக். கீழே போய்ச் சேரும்வரை அவருடைய கால் பிரேக் பெடலை அரிதாகவே தொட்டது.

அன்று சில்வர்தோர்னில் நிறுத்தியபோது, எங்களுக்குச் சற்றுத் தள்ளி ஒரு குடும்பம் நின்றுகொண்டிருந்தது. நீங்கள் சொல்வதைப் போன்றே இரு குதிரை டிரெய்லர், அரை டன் டிரக். முன்சக்கரங்களிலிருந்து புகை மெல்லிதாக எழும்ப, எரிந்த பிரேக்கின் நெடி அந்த இடம் முழுவதும் பரவியிருந்தது. சக்கரத்தில் தண்ணீர் ஊற்றப் போனவர்களை அம்மையார் தடுத்து, தானாக ஆறும்வரை காத்திருக்கச் சொன்னார். பிறகு டிரெய்லரின் கதவைத் திறந்து காட்டினார். உள்ளே நின்ற செம்பழுப்புக் குதிரையின் மார்பும் விலாவும் வியர்வையில் நனைந்து கறுத்திருந்தன. மார்புக்குக் குறுக்கே வரும் கம்பி பட்ட இடத்தில் முடி தேய்ந்திருந்தது. முன்கால்கள் இரண்டையும் அகல ஊன்றி, 8 மைலும் அது தன் எடையைத் தானே தாங்கிப் பிடித்துக்கொண்டு வந்திருக்கிறது. அந்த டிரக்கின் இழுவைத்திறனும் காகிதத்தில் தாராளமாகவே இருந்தது. அவர்களை நான் குறை சொல்லவில்லை. அவர்களுக்கு யாரும் சொல்லித் தரவில்லை.

படகையோ வீட்டு டிரெய்லரையோ இழுப்பவர்களின் அறிவுரை உங்களுக்கு முழுமையாகப் பொருந்தாமல் போவது இதனால்தான். குதிரையின் எடை உயரத்தில் இருக்கிறது. அது காலை மாற்றி வைக்கும், ஒருபுறம் சாயும், பயந்தால் உதைக்கும். எடை குறைந்த, அச்சுகளுக்கிடையே நீளம் குறைந்த டிரக் அந்த ஆட்டத்தை அப்படியே வாங்கிக்கொள்ளும். கனமான டிரக் அதை விழுங்கிவிடும்.

இங்கே ஒரு மனக்குறையையும் சொல்லியாக வேண்டும். குளிர்காலத்தில் பனிச்சறுக்குக்கு விரையும் கார்கள், நாம் குதிரைகளை எண்ணி முன்னால் விட்டுவைத்திருக்கும் இடைவெளியில் ஒன்றன்பின் ஒன்றாக நுழைகின்றன. அந்த இடைவெளி காலியிடம் அன்று. அது எங்கள் வண்டி நிற்பதற்குத் தேவையான தூரம். ஒவ்வொரு முறையும் ஒருவர் நுழையும்போது நான் வேகத்தைக் குறைக்க வேண்டும். பின்னால் இரண்டு விலங்குகள் மீண்டும் கால்களை ஊன்ற வேண்டும். இதைப் படிப்பவர்களில் மலைக்குக் காரில் போகிறவர்கள் இருந்தால், தயவுசெய்து டிரெய்லருக்கு முன்னால் நுழையாதீர்கள்.

இனி, எதை வாங்குவது என்பது. முக்கால் டன் டிரக் வாங்குங்கள். ஃபோர்டு எஃப்-250, ராம் 2500, சில்வராடோ 2500 எச்டி ஆகியவற்றில் எதுவானாலும் சரி. நிறுவனங்களுக்கிடையே உள்ள வேறுபாட்டைவிட, அரை டன்னுக்கும் முக்கால் டன்னுக்கும் இடையே உள்ள வேறுபாடு பன்மடங்கு பெரியது. சட்டகம், அச்சு, பிரேக், டயர் எல்லாமே கனமானவை. மாதம் ஒருமுறைதான் மலைக்குப் போவீர்கள் என்றால் பெட்ரோல் இன்ஜின் போதும். விலையும் பராமரிப்பும் குறைவு, கீழ்க் கியரில் நன்றாகவே பிடித்துக்கொள்ளும். வாரந்தோறும் போவீர்கள் என்றால் எக்ஸாஸ்ட் பிரேக் உள்ள டீசலை வாங்குங்கள். ஆனால் டீசல் இன்ஜின் பல நூறு பவுண்டு கூடுதல் எடை கொண்டது. அந்த எடை சுமைத்திறனிலிருந்துதான் கழியும். ஆகவே முக்கால் டன் டீசலிலும் கதவு ஸ்டிக்கரைப் படிக்காமல் கையெழுத்துப் போடாதீர்கள். நான்கு சக்கர இயக்கம் கட்டாயம் வேண்டும்; செப்டம்பர் முதல் மே முடிய மாரிசனுக்கும் டாட்சீரோவுக்கும் இடையே ஐ-70-இல் டயர்களுக்கான சட்டமும் நடைமுறையில் உண்டு.

பல ஆண்டுகளாக அரை டன்னில் இழுக்கிறேன், ஒன்றும் ஆகவில்லை என்று எழுதப்போகும் நண்பர்களுக்கு: சமவெளியில், ஒற்றைக் குதிரையோடு, இருவராகப் போனால் நானும் அதையே சொல்வேன். கேட்டவர் மலையையும் நான்கு பேரையும் இரண்டு குதிரைகளையும் சொல்லியிருக்கிறார். விரலுக்குத் தகுந்த வீக்கம் வேண்டும், இது வீண் பகட்டு என்று எங்கள் உறவினர்களும் என் டிரக்கைப் பார்த்துச் சொன்னதுண்டு. பேச முடியாத ஓர் உயிரை ஏற்றிக்கொண்டு மலையிறங்குகிறவன் பகட்டுக்காக வண்டி வாங்குவதில்லை என்று அவர்களுக்குச் சொன்னதையே இங்கும் சொல்கிறேன்.

டிரக்கோடு விஷயம் முடிந்துவிடாது. டிரெய்லருக்கென்று தனி மின்பிரேக்கும், அதன் அழுத்தத்தை ஓட்டுநர் கூட்டிக் குறைக்கும் கன்ட்ரோலரும், டிரெய்லர் கழன்றால் தானே பிரேக் போடும் பாதுகாப்புக் கம்பியும் அதற்குரிய பேட்டரியும் வேலை செய்ய வேண்டும். அந்த பேட்டரியைப் பலர் சோதிப்பதே இல்லை. வாங்கியவுடன் குதிரைகளையும் குடும்பத்தையும் ஏற்றிக்கொண்டு, நெடுஞ்சாலை லாரி நிலையம் ஒன்றில் உள்ள, கேட் (CAT) என்ற நிறுவனத்தின் எடைமேடையில் ஏறிப் பாருங்கள். முன்னச்சு, பின்னச்சு, டிரெய்லர் அச்சு மூன்றின் எடையையும் தனித்தனியே அச்சிட்டுத் தருவார்கள். அதன் பிறகு எவருடைய கருத்தையும் நீங்கள் நம்பியிருக்க வேண்டியதில்லை, என்னுடையது உட்பட.

திரும்பி வரும்போதும் கவனம் வேண்டும். டென்வரை நோக்கி இறங்கும் கடைசிப் பகுதியில் சமவெளி கண்ணுக்குத் தெரிந்தவுடன் மலை முடிந்துவிட்டதாகத் தோன்றும். ஏமாந்துவிடாதீர்கள், இன்னும் 4 மைல் செங்குத்துச் சரிவும் கூரிய வளைவுகளும் உள்ளன என்று லாரி ஓட்டுநர்களுக்காக அங்கே பலகை வைத்திருக்கிறார்கள். அது உங்களுக்கும் சேர்த்துத்தான்.

பழைய வண்டி வாங்குவதாக இருந்தால், ராமின் 6.7 லிட்டர் கம்மின்ஸ் டீசலில் 2007-ஆம் ஆண்டின் நடுப்பகுதியிலிருந்தும், ஷெவர்லேயின் டுராமேக்ஸில் 2011 மாதிரியிலிருந்தும் எக்ஸாஸ்ட் பிரேக் உண்டு. ஓட்டிப் பார்க்கும்போது ஓர் இறக்கத்தில் அதைப் போட்டுச் சோதியுங்கள். பெட்ரோல் வண்டி என்றால், கொலராடோவில் சாதாரண பெட்ரோல் என்று விற்பது 85 ஆக்டேன் (பெட்ரோலின் தர எண்) என்பதையும், பல டர்போ இன்ஜின்களின் கையேடு குறைந்தது 87 கேட்கிறது என்பதையும் மறவாதீர்கள். நீங்கள் பார்த்துவைத்திருக்கும் டிரக்கின் கதவு ஸ்டிக்கரில் உள்ள எண்ணையும் டிரெய்லரின் வெற்று எடையையும் கீழே எழுதினால், கணக்கைச் சேர்ந்தே போட்டுப் பார்க்கலாம்.