இருபது வருட மாட்டு அனுபவம் இருந்தாலும் பால்பண்ணைப் பயிற்சி வேண்டுமா?

காரைக்குடி பக்கம் நாலு ஜெர்சி கலப்பினப் பசு வாங்கப் போவதாகவும், வீட்டில் தலைமுறையாக நாட்டுமாடு இருப்பதாகவும் சொல்லி, பயிற்சி தேவையா என்று கேட்டிருக்கிறீர்கள். அப்படியென்றால் பாதி வேலை தெரியும். சிராவயல் மஞ்சுவிரட்டுக்குக் காளை வளர்க்கிற வீடுகளில் மாட்டு முகத்தைப் பார்த்தே காய்ச்சல் சொல்லிவிடுவார்கள். இடறுவது தீவனம், சினை நேரம் இவற்றின் கணக்கில்தான்.

நாட்டுப் பசு மேய்ச்சலிலும் வைக்கோலிலும் ஓட்டிவிடும். 10 லிட்டர் கறக்கும் கலப்பினத்துக்கு உடம்பைப் பராமரிக்க 1.5 கிலோ, மேற்கொண்டு 2.5 லிட்டர் பாலுக்கு 1 கிலோ வீதம், ஆக தினம் 5.5 கிலோ அடர்தீவனம் (தானியம், புண்ணாக்கு, தவிடு கலந்தது) வேண்டும். தாது உப்புக் கலவை தினம் 50 கிராம். வைக்கோலில் பாஸ்பரஸ் குறைவு. வைக்கோலை மட்டும் நம்பினால் மாடு சினைப் பருவத்துக்கு வராது, வந்தாலும் வெளியே காட்டாது.

பெரும்பாலான நஷ்டம் இந்தப் பருவத்தைத் தவறவிடுவதில்தான். பருவம் 21 நாளுக்கு ஒருமுறை, அது நீடிப்பது 12 முதல் 18 மணி நேரம். கண்ணாடி போல வழும்பு தொங்கும், மற்ற மாடு மேலே ஏறினால் அசையாமல் நிற்கும். காலையில் கண்டால் சாயங்காலம் சினை ஊசி (செயற்கைக் கருவூட்டல்), சாயங்காலம் கண்டால் மறுநாள் காலை. கண்ட உடனே போட்டுவிடுவது அனுபவசாலிகள் வழக்கமாகச் செய்யும் தவறு. நம் ஊர் சித்திரை வெயிலில் அறிகுறி பெரும்பாலும் ராத்திரியில்தான் தெரியும். படுக்குமுன் ஒருமுறை, விடியுமுன் ஒருமுறை டார்ச் அடித்துப் பாருங்கள். ஒரு பருவம் தவறினால் 21 நாள் தீவனம் வீண்.

கறவைப் பழக்கத்தைத் திருத்துவதுதான் கஷ்டம். கட்டைவிரலை மடக்கி அழுத்திக் கறந்தால் காம்பின் உள்பக்கம் புண்ணாகி மடிநோய் வரும். முழுக் கையால் பிடித்துக் கறக்க வேண்டும். கறந்ததும் காம்புத் துவாரம் அரைமணி நேரம் திறந்தே இருக்கும். அதுவரை படுக்க விடாமல் தீவனம் போட்டு நிறுத்துங்கள். வெளியே தெரியாத மடிநோயைக் கண்டுபிடிக்க 100 மில்லி தண்ணீரில் துணி துவைக்கும் சோப்புத் தூள் 3 கிராம் கரைத்து, அதே அளவு பாலோடு சேர்த்துச் சுழற்றுங்கள். கெட்டியாகக் கொழகொழத்தால் மருத்துவரைக் கூப்பிடுங்கள்.

பயிற்சிக்குக் குன்றக்குடி வேளாண் அறிவியல் நிலையத்தில் விசாரியுங்கள். செட்டிநாடு கால்நடைப் பண்ணையிலும் கேட்டுப் பார்க்கலாம். வெறும் திரையில் படம் காட்டுவார்களா, மாட்டைக் கட்டிவைத்துச் செய்யவிடுவார்களா என்பதை முதலில் கேளுங்கள். கறக்க ஆள் வைப்பதாக இருந்தால் அந்த ஆளையும் கூட்டிப் போங்கள்.