தடுப்பிலிருந்து வந்த மகனும் கோடிங் படிப்பும்

அம்மா,

போன கிழமை நீங்கள் உள்ளே வந்து பேசியபோது, போருக்குப் பிறகு தடுப்பு முகாமில் இருந்து திரும்பிய உங்கள் மகன் வெளியே மோட்டார் சைக்கிளிலேயே இருந்துவிட்டார். "35 வயசில இனிக் கோடிங், அதான் மென்பொருள் எழுதப் படிச்சு, ஆர் சேர் வேலை குடுப்பினம்? அதுவும் தடுப்பில இருந்து வந்தவனுக்கு?" என்று கேட்டீர்கள். வாசலில் ஆட்கள் காத்திருந்ததால் அன்று அரைகுறையாகத்தான் பதில் சொன்னேன்.

நேற்று யாழ்ப்பாணம் திருநெல்வேலியில் அவருடைய போன் திருத்தும் கடைக்குப் போனேன். யாரோ ஒருவருடைய போன் சார்ஜ் ஏறவில்லை. அதைக் கழற்றி, பூதக்கண்ணாடிக்குக் கீழே வைத்து, மீற்றரின் முனையைச் சார்ஜ் குத்தும் இடத்தில் தொட்டார். பிறகு ஒவ்வொரு புள்ளியாக நகர்ந்தார். "இதுவரைக்கும் கரண்ட் வருது, இதுக்கு அங்கால இல்லை" என்று தனக்குள்ளேயே சொல்லிக்கொண்டார். இருபது நிமிடத்தில் பழுதான அந்தச் சின்னப் பாகத்தைப் பிடித்துவிட்டார். மென்பொருளில் பிழை தேடுவதும் இதே வேலைதான். எந்த வரிவரை கணக்குச் சரியாக வருகிறது, எங்கே பிசகுகிறது என்று பொறுமையாகப் பார்க்க வேண்டும். பட்டம் முடித்த பிள்ளைகள் பலரிடம் நான் காணாத பொறுமை இது. இரக்கப்பட்டு இதைச் சொல்லவில்லை.

அமெரிக்காவில் படையிலிருந்து வீடு திரும்புபவர்களின் படிப்புச் செலவை அரசே ஏற்கும் சட்டம் 1944இலேயே வந்துவிட்டது. மைக்ரோசாஃப்ட் அவர்களுக்கென்றே 17 வார மென்பொருள் பயிற்சி நடத்துகிறது. உங்கள் மகனுக்குத் தடுப்பில் புனர்வாழ்வு என்று கிடைத்தது சில மாத மேசன் பயிற்சி. அந்த 17 வாரம் வேறு கவலை இல்லாமல் முழுநேரமாகப் படிப்பவருக்கான கணக்கு. கடையை நடத்திக்கொண்டு இரவில் படிப்பவருக்கு ஒன்றரை, இரண்டு வருடம் வையுங்கள். அதுவரை கடையை மூட வேண்டாம்.

வயது பெரிய தடை இல்லை, அம்மா. ஆங்கிலம்தான் தடை. பிழைச்செய்தி, பாடம், நேர்முகத் தேர்வு எல்லாம் ஆங்கிலத்தில்தான். தினமும் அரை மணித்தியாலம் ஒரு பக்கத்தைச் சத்தமாக வாசித்து, தெரியாத சொல்லைக் கொப்பியில் எழுதட்டும். இதை விட்டுவிட்டுக் கோடிங்குக்குத் தாவினால் மூன்றாம் மாதமே சலித்துப்போகும்.

சங்கிலியை அடகு வைக்கிறேன் என்றீர்களே, வேண்டாம். வேலை நிச்சயம் என்று சொல்லி இலட்சக்கணக்கில் கேட்கும் இடத்துக்கு ஒரு சதமும் கொடுக்காதீர்கள். மொரட்டுவைப் பல்கலைக்கழகம் இணையத்தில் இலவசமாகவே பாடம் வைத்திருக்கிறது, பைத்தன் என்ற கணினி மொழியிலிருந்தும் வெப் பக்கம் செய்வதிலிருந்தும் தொடங்கலாம். 8 ஜிபி ராம் உள்ள பாவித்த லப்டொப் ஒன்று போதும். சான்றிதழுக்கு என்.வி.கியூ என்ற தேசிய தொழில் தகைமை வழி இருக்கிறது: 4ஆம் மட்டத்தில் தொடங்கி, 5உம் 6உம் டிப்ளோமா, 7 பட்டத்துக்குச் சமம். செய்கிற தொழிலின் அனுபவத்தை மதிப்பிட்டே சான்றிதழ் தரும் முறையும் அதில் உண்டு. சாதாரண தரப் படிப்பு (ஓ.எல்.) பாதியில் நின்றவருக்கு அது பெரிய உதவி.

முதல் புரோகிராமாக அவருடைய கடைக்கே ஒன்று எழுதட்டும். யார் போன் தந்தது, என்ன பழுது, எப்போது எடுத்துப் போனது என்பதெல்லாம் இப்போது ஒரு சீ.ஆர். கொப்பியில் கிடக்கிறது. அதைக் கணினிக்குக் கொண்டுவந்து, எழுதிய புரோகிராமை மற்றவர்கள் பார்க்க வைக்கும் கிட்ஹப் இணையத்தளத்தில் போட்டால், நேர்முகத்தில் காட்ட சொந்த வேலை ஒன்று கையில் இருக்கும். முதல் வேலை மென்பொருளைச் சோதித்துப் பார்க்கும் கியூஏ வேலையாக இருந்தாலும் குறைவாக நினைக்காதீர்கள். பிழை பிடிப்பவருக்கு அது நல்ல வாசல்.

இடைப்பட்ட வருடங்களைப் பற்றி: "போரினால் படிப்புத் தடைப்பட்டது, பிறகு போன் திருத்தும் கடை நடத்துகிறேன்" என்று எழுதினால் போதும். அது உண்மை. கேட்டால் ஒரு வரியில் அமைதியாகச் சொல்லட்டும். கதை முழுவதையும் யாருக்கும் ஒப்புவிக்க வேண்டிய கட்டாயம் அவருக்கு இல்லை.

சனிக்கிழமை கடை பூட்டிய பிறகு அவரை வரச் சொல்லுங்கள், அந்தக் கொப்பியோடு. இந்த முறை வெளியே நிற்காமல் உள்ளே வரச் சொல்லுங்கள்.