தாத்தாவின் பட்டாளத்து சைக்கிள்: எந்தப் பச்சை அடிப்பது?

கேள்வி: எங்கள் ஊர் வேலூர் பக்கம் கம்மவான்பேட்டை. தாத்தா பட்டாளத்தில் இருந்தவர். அவர் ஓட்டிய பழைய பி.எஸ்.ஏ. சைக்கிள் மாட்டுக்கொட்டகையில் கிடக்கிறது. மேலே கருப்பு பெயிண்ட், பாதி துரு. முன்னால் மூன்று துப்பாக்கி முத்திரை இருப்பதால் ராணுவ வண்டி என்கிறார்கள். மணல் அடித்துப் பழைய பெயிண்டை எடுத்துவிட்டு, மிலிட்டரி பச்சையில் பவுடர் கோட்டிங் போடச் சொல்கிறார்கள் ஒர்க்‌ஷாப்பில். போடலாமா?

பதில்: மணல் அடிப்பதை முதலில் நிறுத்துங்கள். வண்டியின் பழைய நிறத்துக்கு உங்களிடம் இருக்கும் ஒரே சாட்சி அந்தப் பெயிண்ட்தான். அதை உரித்துவிட்டால் அப்புறம் யாரைக் கேட்டாலும் ஊகம்தான் சொல்வார்கள்.

அடுத்து, அந்த மூன்று துப்பாக்கி. பி.எஸ்.ஏ. என்றால் பர்மிங்காம் ஸ்மால் ஆர்ம்ஸ். 1861-இல் துப்பாக்கி செய்கிறவர்கள் கூடித் தொடங்கிய கம்பெனி. துப்பாக்கிகள் அவர்களுடைய வியாபார முத்திரை. வாத்தியார் ஓட்டிய சைக்கிளிலும் அதே முத்திரைதான். போதாக்குறைக்கு, 1949-இல் தொடங்கிய டி.ஐ. சைக்கிள்ஸ் அம்பத்தூரிலேயே பி.எஸ்.ஏ. பெயரில் வண்டி செய்திருக்கிறது. ராணுவ வண்டியா என்று பார்க்க வேறு அடையாளம் தேடுங்கள். சீட்டுக் குழாய், கிராங்க் (பெடலைத் தாங்கும் இரும்புக் கை), பெடல் அச்சு ஓடும் குழாயின் அடிப்பக்கம் ஆகிய இடங்களில் மண்ணெண்ணெய் தொட்டுத் துடைத்தால் எண்கள் தெரியும். அவற்றோடு, மூன்று கோடுகள் மேலே ஒரே முனையில் சேரும் அம்புக்குறி குத்தியிருந்தால் அது பிரிட்டிஷ் அரசுச் சொத்து. துப்பாக்கியைப் பொருத்தும் கிளிப்போ, அது கவ்வியிருந்த தடமோ இருந்தாலும் நல்ல சாட்சி.

இனி நிறம். வெயிலும் கையும் படாத இடங்களில்தான் பழைய பெயிண்ட் பிழைத்திருக்கும்: முத்திரைத் தகட்டின் பின்புறம், சீட் கிளாம்பின் உட்பக்கம், மட்கார்டு கம்பி பிடிக்கும் இடம். அங்கே ஒரு ரூபாய்க் காசு அளவுக்கு 800 நம்பர் தண்ணீர்த் தாளால் (நனைத்துத் தேய்க்கும் உப்புத்தாள்) நனைத்து நனைத்துத் தேயுங்கள். நடுவில் கொஞ்சம் அழுத்தி, ஓரத்தில் லேசாக. இரும்பு எட்டிப் பார்த்ததும் நிறுத்திவிடுங்கள். அதைச் சுற்றி ஒவ்வொரு பூச்சும் ஒரு வளையமாகத் தெரியும். உள்ளிருந்து வெளியே படிக்க வேண்டும். முதலில் பிரைமர், அடுத்து பச்சை, கடைசியில் கருப்பு என்று வந்தால் பட்டாளத்தில் இருந்த வண்டி பின்னால் வீட்டுக்குக் கருப்பாகியிருக்கிறது. அடியிலேயே கருப்பு, அதன் மேல் பச்சை என்றால் கடையில் விற்ற வண்டிக்குப் பிறகு யாரோ பச்சை பூசியிருக்கிறார்கள். பச்சையோ, கீழே சொல்லும் பழுப்போ தட்டுப்படவில்லையா? கருப்பையே அடியுங்கள், இல்லாத பட்டாளத்தை வண்டிக்குக் கொடுக்க வேண்டாம். உலர்வாகத் தேய்க்கவும் வேண்டாம், ஊதுவிளக்கால் எரிக்கவும் வேண்டாம். அந்தக் காலப் பெயிண்டில் ஈயம் இருக்கும். பிள்ளைகளை எட்ட நிறுத்துங்கள்.

"மிலிட்டரி பச்சை" என்று ஒரே ஒரு நிறம் கிடையாது. இரண்டாம் உலகப் போரின் தொடக்கத்தில் பிரிட்டிஷ் ராணுவ வண்டிகளுக்குக் காக்கிப் பச்சை, இடையில் எஸ்.சி.சி. 2 என்ற நிற எண் கொண்ட பழுப்பு. 1944 முதல் எஸ்.சி.சி. 15 என்ற ஆலிவ் பச்சை. ஆகவே வளையத்தில் பழுப்பு வந்தால் துரு என்று நினைத்துத் தேய்த்துத் தள்ளிவிடாதீர்கள்! ஆனால் இது பிரிட்டனில் பூசிய கணக்கு. இங்கே மறுபூச்சு கண்ட வண்டி என்றால் வருடத்தை வைத்து நிறம் சொல்ல முடியாது, வளையம் காட்டுவதுதான் கணக்கு. அந்த இடத்தில் ஒரு சொட்டு எண்ணெய் தடவி, பகல் வெளிச்சத்தில் பாருங்கள். வெளுத்த நிறம் தன் அசல் ஆழத்துக்கு வரும். அதே பாகத்தைக் கழற்றி எடுத்துக்கொண்டு கார் பெயிண்ட் கலந்து தரும் கடைக்குப் போங்கள். டப்பாவில் ரெடியாக விற்கும் மிலிட்டரி பச்சை பெரும்பாலும் புல் மாதிரி பளிச்சென்று இருக்கும். பளபளப்பு வேண்டாம், மேட்டாகக் கலந்து தரச் சொல்லுங்கள். போர்க்கால வண்டியில் ஹேண்டில், ரிம் எல்லாமே பெயிண்ட்தான், குரோம் போட்டால் பொருந்தாது. பவுடர் கோட்டிங்கும் எனக்குச் சம்மதமில்லை. பூச்சு தடித்து, குத்திய எண்ணையும் அம்பையும் மூடிவிடும்.

பழைய பூச்சு பரவலாக மிச்சமிருந்தால் புதிதாக அடிக்கவே வேண்டாம் என்பேன். சோப்புத் தண்ணீரில் கழுவி, மெழுகு போட்டு விடுங்கள். அடித்தே தீர வேண்டுமானால் ரெட் ஆக்சைடு ஒரு கோட், மேலே மெல்லிய இரண்டு கோட். வேலூர் வெயிலில் நடுப்பகலில் ஸ்ப்ரே பிடித்தால் பெயிண்ட் காற்றிலேயே காய்ந்து சொரசொரப்பாக உட்காரும். காலையில், காற்று கிளம்புவதற்கு முன் முடித்துவிடுங்கள்.

தோல் சீட்டுக்கு நீங்கள் எங்கும் அலைய வேண்டியதில்லை. ராணிப்பேட்டை, ஆம்பூர் பக்கம் விசாரித்து, பட்டை போட்டுப் பதனிட்ட தடித்த தோல் கேளுங்கள். குரோம் போட்டுப் பதனிட்ட தோல் உட்கார உட்காரத் தொய்ந்துவிடும். பழைய தோல் கிழியாமல் இருந்தால் அதையே வைத்துக்கொள்ளுங்கள். தேங்காய் எண்ணெயில் ஊறப் போட்டால் மட்டும் வீணாகிவிடும்.

டயருக்குக் கவலை வேண்டாம். 28 x 1½ என்று பக்கவாட்டில் போட்டிருந்தால் நம் ஊர் பெரிய சைக்கிளின் அளவுதான். கழற்றும்போது, பெடல் அச்சுக் குழாயில் செயின் பக்கத்துக் கப்பும் இடது பெடலும் எதிர்மரை (எதிர்ப்பக்கம் திருகிக் கழற்றுவது) என்பதை மெக்கானிக்கிடம் சொல்லிவைத்துவிடுங்கள். கிராங்கை அச்சோடு பிணைக்கும் காட்டர் பின்னைச் சுத்தியலால் ஓங்கி அடிக்க விடாதீர்கள். முந்தின நாளே டீசல் ஊற்றி ஊறவைத்து, கிராங்குக்கு அடியில் கட்டை முட்டுக் கொடுத்துத் தட்டினால் வந்துவிடும்.