கெல்ட்டிய நாடுகளில் பதினாறு நாள்: உங்கள் கேள்விகளுக்குப் பதில்கள்

சென்ற ஆண்டு மே மாதக் கடைசியில் இருபத்தெட்டுப் பேர் கொண்ட குழுவாக ஸ்காட்லாந்து, வட அயர்லாந்து, அயர்லாந்து, வேல்ஸ் என்று சுற்றி வந்ததைப் பற்றி இந்த இதழில் எழுதியிருந்தேன். அதைப் படித்துவிட்டு வந்த கடிதங்களில் சிலவற்றுக்கு இங்கே பதில் தருகிறேன். முப்பத்தொரு வருடம் தமிழாசிரியையாக இருந்தவள் நான். பதில் சில இடங்களில் மொழிப் பக்கம் சாய்ந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். அந்த நாடுகளுக்கு நான் போனதே அதற்காகத்தான்.

கெல்ட்டிய நாடுகள் என்கிறார்களே, அப்படி ஒரு நாடு வரைபடத்தில் இல்லையே? எதை வைத்து இவற்றை ஒன்றாகச் சேர்க்கிறார்கள்?
— ஓய்வுபெற்ற தபால் ஊழியர், சேலம்

மொழியை வைத்து, ஐயா. அயர்லாந்து, ஸ்காட்லாந்து, மான் தீவு, வேல்ஸ், கார்ன்வால், பிரான்சின் மேற்கு ஓரத்திலுள்ள பிரிட்டனி என்று மொத்தம் ஆறு. ஆறுக்கும் தனித்தனியாக ஒரு மொழி. இவையெல்லாம் ஒரே குடும்பம் என்று 1707-இல் விரிவாக எடுத்துக் காட்டியவர் எட்வர்ட் லூயிட் என்ற வேல்ஸ்காரர்.

இந்தக் குடும்பத்துக்குள் இரண்டு கிளைகள். ஐரிஷ், ஸ்காட்டிஷ் கேலிக், மாங்க்ஸ் மூன்றும் ஒரு கிளை. வெல்ஷ், கார்னிஷ், பிரெட்டன் மற்றொன்று. ஒரு கிளையில் ‘க’ வரும் சில இடங்களில் மறு கிளையில் ‘ப’ வரும். மகனுக்கு ஐரிஷில் ‘மாக்’, பழைய வெல்ஷில் ‘மாப்’. ஐந்துக்கு ஐரிஷில் ‘கூய்க்’, வெல்ஷில் ‘பிம்ப்’. நம் பால் கன்னடத்தில் ஹாலு ஆகிறதே, புலி ஹுலி ஆகிறதே, அதே மாதிரிதான். வகுப்பில் எத்தனையோ முறை நான் கரும்பலகையில் எழுதிய விஷயம் அங்கே சாலையோரப் பெயர்ப்பலகையில் நின்றது. ஸ்காட்லாந்தில் ஆற்றின் முகத்துவாரத்தில் அமைந்த ஊர் ‘இன்வர்’ என்று தொடங்கும். நெஸ் ஆறு கடலில் சேரும் இடம் இன்வர்நெஸ். அதே பொருளில் வேல்ஸில் ‘அபர்’ என்பார்கள். அபெரிஸ்ட்வித் அப்படி வந்த பெயர்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். டப்ளினுக்கு வடக்கே நியூகிரேஞ்ச் என்ற பெரிய கல்லறை மேடு இருக்கிறது. குளிர்கால நெட்டிரவை ஒட்டிய நாட்களில் காலைச் சூரியன் நேராக உள்ளறை வரைக்கும் புகும்படி கட்டியிருக்கிறார்கள். எங்கள் குழுவோடு வந்த வழிகாட்டி அதைக் கெல்ட்டியர் கட்டியது என்றார். அது தவறு. அதன் வயது ஐயாயிரம் ஆண்டுக்கு மேல், கெல்ட்டிய மொழி அங்கே வருவதற்கு மிகவும் முந்தையது. கட்டியவர்கள் என்ன மொழி பேசினார்கள் என்பதற்கு ஒரு சொல்கூட மிஞ்சவில்லை.

ஒரே விசா போதுமா?
— ஒரு வாசகி, திருச்சி

ஸ்காட்லாந்து, வேல்ஸ், வட அயர்லாந்து மூன்றும் பிரிட்டனின் கீழ் வருவதால் ஒரே விசா. அயர்லாந்துக் குடியரசு தனி நாடு. ஆனால் இந்தியர்களுக்கு இரு நாடுகளும் சேர்ந்து ஓர் ஏற்பாடு வைத்திருக்கின்றன. விசாவில் அந்தக் குறிப்பு இருந்தால் ஒன்றை வைத்தே இரண்டுக்கும் போய்வரலாம். நிபந்தனை என்னவென்றால், விசா கொடுத்த நாட்டுக்குள்தான் முதலில் நுழைய வேண்டும். பிரிட்டன் விசா வாங்கிய நாங்கள் அதனால்தான் எடின்பரோவில் இறங்கினோம். உங்கள் பயணத்திட்டம் டப்ளினில் தொடங்குகிறதா என்று முதலில் பாருங்கள். விதிகள் மாறக்கூடியவை, விண்ணப்பிக்கும்போது மறுபடி சரிபார்த்துக்கொள்ளுங்கள். பிரிட்டனியையும் சேர்த்தால் அது பிரான்ஸ், ஐரோப்பிய நாடுகள் பலவற்றுக்கும் பொதுவான ஷெங்கன் விசா தனியாக வாங்க வேண்டும்.

வட அயர்லாந்திலிருந்து குடியரசுக்குள் நுழையும் இடத்தில் சோதனைச்சாவடி எதுவும் இல்லை. மைலில் இருந்த வேகப் பலகை கிலோமீட்டருக்கு மாறியதை வைத்துத்தான் எல்லை தாண்டினோம் என்று தெரிந்துகொண்டேன்.

நான் சுத்த சைவம். முட்டையும் தொடமாட்டேன். பதினாறு நாள் தாக்குப்பிடிக்க முடியுமா?
— ஒரு வாசகி, மயிலாப்பூர்

முடியும். நானும் உங்களைப் போலத்தான். அங்கே வெஜிடேரியன் என்று சொன்னால் முட்டை அதில் அடங்கும், முதல் நாள் காலை எனக்கு ஆம்லெட் வந்தது. மறுநாளிலிருந்து ‘வீகன்’ என்று சொல்லப் பழகிக்கொண்டேன். பாலும் வெண்ணெயும் வேண்டுமென்றால் தனியாகக் கேட்டு வாங்கிக்கொள்ளலாம். சூப்பை நம்பாதீர்கள், எந்தச் சாற்றில் வேகவைத்தது என்று கேளுங்கள். உருளைக்கிழங்கு வறுவலைச் சில கடைகளில் மாட்டுக்கொழுப்பில் பொரிப்பார்கள்.

ஸ்காட்லாந்தில் காலைக்கு ஓட்ஸ் கஞ்சி. சர்க்கரை வேண்டாம், உப்புப் போட்டே கொடுங்கள் என்று கேளுங்கள், அவர்களுடைய பழைய வழக்கமும் அதுதான். அதில் நம்மூர் நாரத்தங்காய் ஊறுகாயைத் தொட்டுக்கொண்டால் வயிறு குளிரும். அயர்லாந்தில் மசித்த உருளைக்கிழங்கோடு முட்டைக்கோஸ் சேர்த்துச் செய்யும் கால்கேனன் எனக்கு மிகவும் பிடித்துவிட்டது, வெண்ணெய் கொஞ்சம் அதிகம். பருப்புப்பொடி, புளிக்காய்ச்சல் எடுத்துப் போங்கள். பால்கோவா வேண்டாம். பால் பொருட்களையும் இறைச்சியையும் நம் நாட்டிலிருந்து உள்ளே கொண்டுபோக அனுமதி இல்லை.

அம்மாவுக்கு எழுபத்திரண்டு வயது, முழங்கால் வலி. அழைத்துப் போகலாமா?
— ஒரு வாசகர், கோவை

அழைத்துப் போங்கள், தள்ளிப்போடாதீர்கள். எடின்பரோக் கோட்டைக்குப் போகும் தெரு கல் பாவிய ஏற்றம், அங்கே மட்டும் கைப்பிடித்து அழைத்துப் போக வேண்டும். வட அயர்லாந்தின் ஜயன்ட்ஸ் காஸ்வே பாறைகளுக்குப் பார்வையாளர் மையத்திலிருந்து சிறு பேருந்து ஓடுகிறது. சுமார் 40,000 கற்றூண்கள், பெரும்பாலும் அறுகோணம், தச்சன் இழைத்த மாதிரி கடலுக்குள் இறங்கிப் போகின்றன. ஃபின் என்ற அரக்கன் ஸ்காட்லாந்துக்குப் போட்ட பாலம் என்று கதை. உண்மையில் கொதிக்கும் எரிமலைக் குழம்பு ஆறிச் சுருங்கும்போது, கோடையில் குளத்துக் களிமண் பாளம் பாளமாக வெடிக்குமே, அப்படி வெடித்து உண்டானது. கீழே நின்று பார்த்தாலே போதும், அம்மாவை ஈரப் பாறைமீது ஏறவிடாதீர்கள்.

ஓட்டுநர் நாலரை மணி நேரம் ஓட்டினால் முக்கால் மணி நேரம் கட்டாயம் ஓய்வெடுக்க வேண்டும் என்பது அங்கே சட்டம். அதனால் பேருந்திலேயே அடைந்து கிடக்க நேராது. ஜூனிலிருந்து ஸ்காட்லாந்து மலைப்பகுதியில் மிட்ஜ் என்ற பொடிக் கொசு மொய்க்கும் என்பதால் மே மாதம் உத்தமம்.

எங்கள் பயணத்திட்டத்தில் வேல்ஸுக்கு ஒன்றரை நாள்தான். அதைக் குறைத்துவிட்டு லண்டனில் கூடுதலாக இருக்கலாமா என்று குழுவில் கேட்கிறார்கள். நீங்கள் என்ன சொல்கிறீர்கள்?
— கல்லூரி மாணவி, தஞ்சாவூர்

வேண்டாம் அம்மா. மற்ற எதை வேண்டுமானாலும் குறையுங்கள்.

எங்களுக்கு அச்சிட்டுக் கொடுத்த திட்டத்தில் வேல்ஸுக்கு இரண்டு நாள் என்று இருந்தது. டப்ளினிலிருந்து கப்பல் வந்து சேர்ந்த இரவையும் ஒரு நாளாகக் கணக்கிட்டிருந்தார்கள். மிச்சம் ஒரு பகல். மற்ற நாடுகளில் பதினான்கு நாளில் கிடைக்காதது எனக்கு அந்த ஒரு பகலில் கிடைத்தது.

ஹோலிஹெட் துறைமுகத்தை விட்டு வெளியே வந்ததுமே பலகைகளில் வெல்ஷ் மேலே, ஆங்கிலம் கீழே. வளைவுகளில் சாலையிலேயே பெரிதாக ‘அராவ்’ என்று எழுதியிருக்கிறது, மெதுவாகப் போ என்று பொருள். அங்குள்ள கடைகளில் பிள்ளைகள் அம்மாவிடம் வெல்ஷில் அடம்பிடித்து மிட்டாய் கேட்பதைக் கேட்டேன். மொழி உயிரோடு இருக்கிறது என்பதற்கு அதைவிட எனக்கு வேறு அத்தாட்சி வேண்டாம். ஐம்பத்தெட்டு எழுத்தில் பெயர் கொண்ட ரயில் நிலையத்தில் எல்லோரும் படம் எடுத்துக்கொண்டார்கள். அந்த நீளப் பெயர் பத்தொன்பதாம் நூற்றாண்டில் பயணிகளை இழுக்கச் சேர்த்துக் கட்டியது. எனக்கு அதில் பிடித்தது முதல் எழுத்தான ‘Ll’-இன் ஒலி. ‘ல’ சொல்லும் இடத்தில் நாக்கை வைத்துக்கொண்டு, குரல் எழுப்பாமல் ஓரங்களில் காற்றை மட்டும் விட வேண்டும். நம் ழகரத்தைப் போல, வெளியூர்க்காரர்களின் நாவுக்கு எளிதில் வசப்படாத ஒலி.

இந்த மொழியைப் பள்ளியில் பேசிய குழந்தையின் கழுத்தில் ஒரு மரத்துண்டைக் கட்டித் தொங்கவிடும் வழக்கம் பத்தொன்பதாம் நூற்றாண்டில் பல பள்ளிகளில் இருந்தது. ‘வெல்ஷ் நாட்’ என்று அதற்குப் பெயர். அடுத்து யார் வெல்ஷ் பேசி மாட்டுகிறார்களோ, அந்தக் கழுத்துக்கு அது மாறும். பொழுது முடியும்போது யாரிடம் இருக்கிறதோ அந்தக் குழந்தைக்கு அடி. இதைச் செய்தவர்களும் ஆசிரியர்கள்தான். அதை நினைத்து அன்றிரவு எனக்குத் தூக்கம் வரவில்லை.

எங்கள் ஓட்டுநர் வேல்ஸ்காரர். நான் தமிழ் வாத்தியார் என்று தெரிந்ததும் ‘தியோல்க்’ என்று நன்றி சொல்லக் கற்றுக்கொடுத்தார். தன் முக்கால் மணி ஓய்வை வழக்கமான பெட்ரோல் பங்கில் எடுக்காமல் ட்ராஸ்வனித் என்ற மலைக்கிராமத்தில் எடுத்தார். அங்கே நடுத்தெருவில் ஓர் ஆட்டிடையனின் வெண்கலச் சிலை நிற்கிறது. ஹெத் வின் என்ற புனைபெயரில் எழுதிய கவிஞர், ஆடு மேய்த்தவர். ஆண்டுதோறும் நடக்கும் ஐஸ்டெத்வொட் என்ற கவிதை, இசைத் திருவிழாவில் மரபுச் செய்யுளுக்குப் பரிசாக ஒரு நாற்காலி தருவார்கள். 1917-இல் பர்க்கன்ஹெட்டில் நடந்த விழாவில், பிரதமர் லாய்ட் ஜார்ஜ் அமர்ந்திருந்த அவையில், வென்றவரின் புனைபெயரை மூன்று முறை அழைத்தார்கள். யாரும் எழுந்திருக்கவில்லை. ஐந்து வாரத்துக்கு முன், ஜூலை 31 அன்று, பெல்ஜியப் போர்க்களத்தில் அவர் இறந்துபோயிருந்தார். அந்த நாற்காலிக்குக் கறுப்புத் துணி போர்த்தி, ஊருக்கு அனுப்பிவைத்தார்கள். அவருக்கு வயது முப்பது.

1923-இல் இந்தச் சிலையைத் திறந்துவைத்தது அவருடைய தாய். சிப்பாய் உடுப்பில் இல்லாமல் மேய்ப்பன் உடுப்பிலேயே நிற்கிறார். நாற்காலி இன்றும் ஊருக்கு வெளியே அவர்கள் பண்ணை வீட்டில் இருக்கிறது. முன்கூட்டிப் பதிவு செய்தால்தான் உள்ளே விடுவார்கள், எனக்கு அது தெரியாமல் போயிற்று. உன் குழுத் தலைவரிடம் இப்போதே சொல்லி வை, அம்மா.

கால்டுவெல் பிறந்த இடத்துக்குப் போனீர்களா? கட்டுரையில் ஒரு வரிதான் எழுதியிருந்தீர்கள்.
— இடையன்குடி அருகிலிருந்து ஒரு வாசகர்

நானும் அந்தத் தேரிக்காட்டுப் பக்கத்துக்காரிதான் அண்ணாச்சி. அந்த ஒரு வரி எனக்கும் குறைதான், இடம் போதவில்லை.

திராவிட மொழிகளின் ஒப்பிலக்கணம் எழுதிய ராபர்ட் கால்டுவெல் 1814-இல் இன்றைய வட அயர்லாந்தின் ஆன்ட்ரிம் மாவட்டத்துக் கிளாடியில், ஏழை ஸ்காட்டியப் பெற்றோருக்குப் பிறந்தவர். சிறுவனாக இருந்தபோதே குடும்பம் கிளாஸ்கோவுக்குத் திரும்பியது. இளவயதில் டப்ளினில் ஓவியம் படித்தார். கிளாஸ்கோ பல்கலைக்கழகத்தில் கிரேக்கப் பேராசிரியர் டேனியல் சாண்ட்ஃபோர்டின் பாடங்களைக் கேட்டபோது மொழிகளை ஒப்பிட்டுப் பார்க்கும் ஆசை பிறந்தது. அதாவது எங்கள் பேருந்து நின்ற கிளாஸ்கோவும் டப்ளினும் அவர் நடந்த ஊர்கள். குழுவில் ஒருவரும் அதைச் சொல்லவில்லை, நான்தான் பேருந்தில் ஒலிவாங்கியைக் கேட்டு வாங்கிச் சொன்னேன். கிளாஸ்கோவில் இப்போது காட்டும் கோபுரக் கட்டடம் 1870-இல் பல்கலைக்கழகம் இடம் மாறியபோது வந்தது. அவர் காலத்தில் பல்கலைக்கழகம் ஹை ஸ்ட்ரீட்டில் இருந்தது. திருவாசகத்தை ஆங்கிலத்தில் தந்த ஜி.யு. போப்பின் பெற்றோரும் கெல்ட்டிய மண்ணான கார்ன்வாலைச் சேர்ந்தவர்கள் என்பதையும் சேர்த்துச் சொன்னேன்.

கிளாடி எங்கள் திட்டத்தில் இல்லை, பேருந்தைத் திருப்ப நிறுவனம் ஒப்பவில்லை. பெல்ஃபாஸ்டில் கடைகண்ணிக்கு விட்ட நாளில், நாகர்கோவிலிலிருந்து வந்திருந்த ஓர் அக்காவும் நானும் ஆன்ட்ரிம் நகருக்கு ரயில் ஏறினோம். அரை மணிப் பயணம்தான். எங்கு பார்த்தாலும் பச்சை, விடாத தூறல். ஊருக்குள் ஆயிரம் ஆண்டு பழைய வட்டக் கல்கோபுரம் ஒன்று உண்டு. அப்பால் லாஃப் நே என்ற ஏரி, மறுகரை தெரியாத தண்ணீர். கிளாடி வரைக்கும் போக நேரம் இருக்கவில்லை. அந்த ஏரிக்கரையில் குடையைப் பிடித்துக்கொண்டு நின்றபோது, இந்த ஈரத்தில் பிறந்த பிள்ளை நம் இடையன்குடிச் செம்மணலுக்கும் பனங்காட்டுக்கும் 1841-இல் வந்து, ஐம்பது ஆண்டு இருந்து, இலக்கணம் எழுதி, தான் எழுப்பிய கோயிலுக்குள்ளேயே அடங்கியிருக்கிறாரே என்று நெஞ்சை அடைத்தது. அக்கா பேசாமல் என் கையைப் பிடித்துக்கொண்டார்.

ரயிலுக்குக் காத்திருந்த தேநீர்க்கடையில் பரிமாறிய அம்மாளிடம் கால்டுவெல்லைத் தெரியுமா என்று கேட்டேன். தெரியவில்லை. ஒரு காகிதத்தில் அவர் பெயரையும், 1814 என்றும், கீழே தமிழில் ‘இடையன்குடி’ என்றும் எழுதிக் கொடுத்தேன். அந்தத் தமிழ் எழுத்தைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, இதை எப்படிச் சொல்வது என்று கேட்டார். மூன்று தடவை சொல்லிக் கொடுத்தேன். மூன்றாவது தடவை சரியாகவே சொன்னார்.