150 பூச்சியையும் 1200 பூச்சியையும் எப்படி ஒப்பிடுவது? சில கேள்விகள்

கேள்வி: ஒரு தளத்தில் 1200 பூச்சிகள், 48 சிற்றினங்கள். இன்னொன்றில் 150 பூச்சிகள், 31 சிற்றினங்கள். சிற்றினத்தைப் பூச்சி எண்ணிக்கையால் வகுத்து ஒப்பிடலாமா?

பதில்: வேண்டாம். பிடிக்கப் பிடிக்கப் புதுச் சிற்றினம் கிடைப்பது அரிதாகிக்கொண்டே போகும். வகுத்தால் சிறிய மாதிரிக்குத்தான் சலுகை. பெரிய மாதிரியிலிருந்து கண்ணை மூடிக்கொண்டு 150 பூச்சிகளை எடுத்தால் சராசரியாக எத்தனை சிற்றினம் வரும் என்று பாருங்கள். இதுதான் ரேரஃபாக்‌ஷன். புள்ளியியல் கணக்குக்கான ஆர் நிரல்மொழியில் வீகன் என்ற தொகுப்பின் கட்டளை ‘ரேரஃபை’ இதைச் செய்யும். நிஜமாகவே குலுக்கி எடுக்க வேண்டாம். 1971-இல் சூழலியலாளர் ஹர்ல்பர்ட் தந்த சூத்திரமே விடை சொல்லிவிடும்.

கேள்வி: அப்படியானால் மீதி 1050 பூச்சிகளைப் பிடித்த பாடு வீணா?

பதில்: நியாயமான வருத்தம். ஆனால் அதைவிடப் பெரிய சிக்கல் ஒன்று உண்டு. சிற்றினம் குறைந்த இடத்தில் 150 பூச்சிகளே ஏறக்குறைய எல்லாவற்றையும் காட்டிவிடும். வளமான இடத்தில் பாதியைக்கூடக் காட்டாது. எண்ணிக்கையைச் சமமாக்கினால் வளமான இடத்தின் மேன்மை சுருங்கித் தெரியும். அதனால் நான் மாதிரியின் நிறைவைத்தான் சமமாக்குவேன். அதாவது, அந்த இடத்துப் பூச்சிகளில் எத்தனை சதவீதம் நாம் ஏற்கெனவே கண்ட சிற்றினங்களைச் சேர்ந்தவை என்பதை. ஆய்வாளர்கள் சாவோவும் ஜோஸ்ட்டும் 2012-இல் முன்வைத்த வழி இது.

கணக்கு எளிது. ஒரே ஒரு பூச்சியாக வந்த சிற்றினங்களை எண்ணுங்கள். 150-இல் அவை 15 என்றால், அடுத்த பூச்சி புதுச் சிற்றினமாக இருக்க ஏறக்குறைய 10% வாய்ப்பு, நிறைவு 90%. 1200-இல் 12 என்றால் நிறைவு 99%. இரண்டையும் 90 சதவீதத்தில் வைத்து ஒப்பிடுங்கள். ஆர் மொழியின் இன்னொரு தொகுப்பான ஐநெக்ஸ்ட்டின் கட்டளை ‘எஸ்டிமேட்டி’ போதும். சிறிய மாதிரியை முன்னோக்கி நீட்டவும் செய்யலாம், அதாவது இன்னும் பிடித்திருந்தால் எத்தனை சிற்றினம் வந்திருக்கும் என்று கணிக்கலாம், ஆனால் இரண்டு மடங்குவரைதான். இங்கே 300 பூச்சிகள். அதற்கு மேல் போனால் சிற்றின எண்ணிக்கையை நான் நம்புவதில்லை.

கேள்வி: வீகனில் ஓடிய அதே அட்டவணை ஐநெக்ஸ்ட்டில் விசித்திரமான விடை தருகிறதே?

பதில்: வீகனுக்குத் தளங்கள் வரிசைகளில் இருக்க வேண்டும், ஐநெக்ஸ்ட்டுக்கு நெடுவரிசைகளில். அட்டவணையைத் திருப்பிப் போடுங்கள். ஒரு முழு மாலை இதில் தொலைத்த அனுபவத்தில் சொல்கிறேன்.

கேள்வி: என்னிடம் சதவீதங்கள் மட்டுமே உள்ளன. தவிர, ஒற்றையாக வந்தவற்றைப் பிழை என்று நீக்கிவிட்டேன்.

பதில்: சரி, இரண்டுமே இடிக்கிறது. ரேரஃபாக்‌ஷனுக்கு முழு எண்கள் தேவை. ஒற்றைகளை எடுத்துவிட்டால் நிறைவு 100% என்று பொய்யாக வரும். அடையாளம் காண்பதில் நிஜமாகவே பிழை இருக்கும் என்றால் அந்தப் பூச்சிகளை மட்டும் திரும்பப் பாருங்கள். மூல எண்ணிக்கை கிடைக்கும்வரை இந்த ஒப்பீட்டைத் தொடாதீர்கள்.